பெயரில்லாத கொட்டாங்கச்சி

ஒரு கூட்டத்தில் எல்லாரும் ஒரே குரலில் "சரி" என்றால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். எங்கள் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பதில் நாலு பேர் ஒத்துப்போனதில்லை. ஒரு சந்தே ஒத்துப்போகிறது என்றால் உள்ளே ஏதோ சமாசாரம் இருக்கிறது. இந்தச் சந்தேகம் என்னிடம் எப்படி ஒட்டிக்கொண்டது என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு சந்தின் கதையைத்தான் சொல்வது வழக்கம்.

யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முன்னால் நடந்தது. ஸ்ரீரங்கத்தில் அண்ணா வீட்டில் இருந்துகொண்டு, தினமும் காவேரிப் பாலம் தாண்டித் திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். தமிழும் கணக்கும் என் பாடங்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பழைய ஊரின் சந்துகள் ஆரம்பமாகும். அதில் ஒரு சந்தில் பாதிக்கு மேல் முஸ்லிம் குடும்பங்கள். தொப்பி தைப்பவர்கள், அத்தர் விற்பவர்கள், பெட்டிக்கடைக்காரர்கள். மிச்சம் கொத்தனார், தச்சர் வீடுகள். சந்து முழுக்க ஒரு தோல் மண்டிக்காரருக்குச் சொந்தம். அவருடைய பெரிய வீடு சந்தின் வாயில் இருந்தது. மறுகோடியில் இடிந்த குட்டிச்சுவரோடு ஒரு காலி மனை. நடுவில் தீப்பெட்டிகளை அடுக்கியதுபோல் வாடகை வீடுகள்.

ஒரு நாள் அந்த வார்டு மெம்பர் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். சந்துக்கு அந்த வருஷம் முனிசிபாலிடி ஒரே ஒரு வேலை செய்து கொடுக்குமாம். குழாய் போடலாம், மின்சார விளக்கு நடலாம், இல்லாவிட்டால் தரைக்குக் கல் பாவலாம். எது முதலில் என்று சந்துக்காரர்களே சொல்ல வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்தக் காலத்துக்கு அது புதுசான ஆசை. அதற்காகவே அந்த மனுஷரை எனக்குப் பிடிக்கும். ஆண்களைக் கூட்டிக் கேட்டுப் பார்த்திருக்கிறார். சத்தம் முற்றி, ஒருவர் செருப்பை இன்னொருவர் மாட்டிக்கொண்டு போனதுதான் மிச்சம்.

"பொம்பளைங்களைக் கேட்டாத் தெரியும்னு தோணுது. ஆனா நான் போய்க் கேக்க முடியாது. கோஷா வீடுங்க, வெளி ஆம்பளை முன்னால வரமாட்டாங்க. நீங்க டீச்சர், உங்களை உள்ள விடுவாங்க" என்றார்.

பிறத்தியார் விஷயத்தில் மூக்கை நுழைக்க முனிசிபாலிடியே அனுமதி கொடுத்தால் நான் விடுவேனா? அன்றைக்கே கிளம்பிவிட்டேன். மன்னி மட்டும் வாசலிலேயே மறித்தாள். "ஊர்ச் சந்தெல்லாம் அலைஞ்சுட்டு வந்து அப்படியே தளிகை உள்ளுக்குள்ளே நுழையாதே. தீர்த்தமாடிட்டு வா" என்றாள். சமையலறைப் பக்கம் போக, அந்த மாதம் முழுக்க எனக்குத் தினம் இரண்டு குளியல்.

ஐப்பசி மழை. சந்தில் சேறு கணுக்கால் வரைக்கும். வீடு வீடாக ஏறி இறங்கினேன். தண்ணீர்க் கஷ்டத்தை எல்லாரும் சொன்னார்கள். குழாய் பெரிய தெருவில் இருந்தது. குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கோஷாப் பெண்கள் அங்கே போய் நிற்கவும் முடியாது. ஒரு வீட்டில் தரைச் சேற்றைத் திட்டினார்கள். கொத்தனார் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று, தலையைக் குனிந்துகொண்டு, "ஒதுங்க ஒரு இடம் இருந்தாப் போதுங்க" என்றாள். என் குடைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மழைக்கு ஒதுங்க ஒரு கொட்டகை கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். வார்டு மெம்பரிடம் சொன்னபோது, "சந்துக்குள்ள கொட்டகையா? வீட்டுக்குள்ள போயிட்டா நனைய மாட்டாங்களே" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

என் மனசில் குழாய்தான் முதல் என்று முடிவாகிவிட்டது. காரணம், தொப்பி தைக்கும் ஒரு பெண். இருபத்தைந்து வயசுக்கு மேல் இராது. வீட்டுக்காரர் பினாங்கில் ஏதோ கடையில் வேலை. வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் அவள் போடும் பூவேலையைப் பார்க்கக் கண் இரண்டு போதாது. அவளுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு, கூடவே குளிர்ஜுரம். புத்தூரில் லேடி டாக்டரிடம் போயிருக்கிறாள். மருந்தைவிடத் தண்ணீர்தான் முக்கியம், நிறையக் குடிக்காவிட்டால் இந்த ஜுரம் திரும்பத் திரும்ப வந்து ஒருநாள் உயிருக்கே ஆபத்தாகும் என்று டாக்டர் கண்டித்து அனுப்பியிருக்கிறாள்.

"குடிக்கிறியா?" என்று கேட்டேன்.

"எங்கங்க முடியுது?" என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தண்ணீருக்குத் தட்டுப்பாடு, பாவம், குடிக்கக்கூட இல்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? குழாய் வந்தால் அவள் பிழைப்பாள், வராவிட்டால் என்ன ஆகுமோ என்ற கவலை எனக்குள் நிஜமாகவே குடியேறிவிட்டது. அவளைக் காப்பாற்றுவது என் பொறுப்பு என்பதுபோல் நடந்துகொண்டேன்.

மண்டிக்காரர் வீட்டுக் கூடத்தில் கூட்டம் போட்டோம். அந்த வீட்டு அம்மாளைச் சந்து முழுக்கப் பெரியம்மா என்றே கூப்பிடும். உயரமான மனுஷி, கணீரென்ற குரல். யார் வீட்டில் பிரசவம் என்றாலும் முதல் ஆளாக நிற்பார். அவரிடம் யாருக்கும் பயம் கிடையாது, பிரியம்தான். பிரியம் பயத்தைவிடப் பெரிய பூட்டு என்பது எனக்கு அப்போது தெரியாது.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் எப்படி அபிப்பிராயம் கேட்பது? பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் புளியங்கொட்டையைக் கொண்டுபோனேன். நாலு கொட்டாங்கச்சிகளை வரிசையாக வைத்தேன். ஒன்றுக்கு முன்னால் குழாய்க்கு அடையாளமாக ஒரு சொம்பு, அடுத்ததற்கு முன்னால் அரிக்கன் விளக்கு, மூன்றாவதற்கு ஒரு செங்கல். நாலாவதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. இந்த மூன்றும் இல்லாமல் வேறே ஏதாவது முதலில் வேண்டும் என்றால் அதில் போடலாம் என்றேன். ஆளுக்கு ஒரு கொட்டை.

பெரியம்மா முதலில் எழுந்தார். விளக்குக்குப் போட்டார். "பிள்ளைங்க இருட்டுல தடுக்கி விழுதுங்க" என்று காரணமும் சொன்னார். அடுத்தவள் எழுந்தாள், விளக்குக்குப் போட்டாள். அதற்கடுத்தவளும். தண்ணீருக்காகப் போன வாரம் என்னிடம் மூச்சுவிடாமல் புலம்பியவள் சொம்பைத் தாண்டிப்போய் விளக்கில் போட்டுவிட்டு, என்னைப் பார்த்துப் புன்னகை வேறு செய்தாள். தொப்பி தைக்கும் பெண் கடைசியில் வந்தாள். கொட்டாங்கச்சிகளுக்கு மேலே அவள் கை கொஞ்சம் தயங்கியது. பிறகு அதுவும் விளக்குக்கே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கூட்டம் முடிந்து எல்லாருக்கும் நீர்மோர் கொடுத்தார்கள். தொப்பி தைக்கும் பெண் மட்டும் டம்ளரைத் தொடவில்லை.

"நோன்புங்க" என்றாள்.

ரமலான் கூட இல்லையே, உடம்புக்கு முடியாதபோதும் இப்படி ஒரு பக்தியா என்று நான் மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

வார்டு மெம்பருக்குப் பரம சந்தோஷம். "ஏகமனதா விளக்குன்னுட்டாங்களா? பேஷ்! பொங்கல் கழிஞ்சதும் சந்துக் கடைசியில அந்தக் குட்டிச்சுவர் பக்கமா நட்டுடலாம். அங்கதான் கும்மிருட்டு" என்றார்.

எனக்குச் சமாதானம் ஆகவில்லை. இத்தனை பெண்கள் வீட்டில் ஒன்று சொல்லிவிட்டுக் கூடத்தில் ஏன் வேறொன்று செய்தார்கள்? பெரியம்மாவை மீறக்கூடாது என்றா? ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் இதே யோசனை. குதிரை வண்டிக்காரர் இரண்டு தரம் "இறங்குங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் தொப்பி தைக்கும் பெண்ணின் வீட்டுக்குப் போய், விளக்கு குட்டிச்சுவர் பக்கம் வரப்போகிறது என்றேன். கோபத்தைக் கொஞ்சம் குத்தலாகவே சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அங்கயா நடுறாங்க?"

"அங்கேதான். நீங்க எல்லாரும் கேட்டதுதானே?"

"வேற எங்கயாச்சும் நடச் சொல்லுங்களேன், டீச்சரம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"இருட்டுன்னாத்தானே பயம்? வெளிச்சத்துக்கு ஏன் பயப்படறே?"

அவள் ஊசியில் நூல் கோத்தபடியே இருந்தாள். நூல் காதுக்குள் நுழையவே இல்லை. கடைசியில், "இன்னொரு தடவை கூட்டம் போட்டா, கொட்டாங்கச்சியைத் திரைக்கு அந்தாண்ட வைக்கலாமாங்க?" என்று கேட்டாள்.

பெரியம்மா வீட்டுக் கூடத்துக்கும் உள்கட்டுக்கும் நடுவில் கனமான பச்சைத் திரை ஒன்று தொங்கும். வெளி ஆண்கள் வந்தால் பெண்கள் அதற்குப் பின்னால் போய்விடுவார்கள். அந்தத் திரைக்குப் பின்னால் கொட்டாங்கச்சிகளை வைத்து, ஒவ்வொருத்தியாகப் போய்ப் போட்டுவிட்டு வரவேண்டும் என்றதும் பெரியம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பொம்பளைக்குப் பொம்பளை கோஷாவா? நல்லாயிருக்கு போங்க, டீச்சர்!" என்றார். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவருக்கும் உள்ளுக்குள் வேடிக்கை பார்க்கும் ஆசை இருந்தது.

ஒவ்வொருத்தியாகப் போனார்கள். முதல் கூட்டத்தில் கையை நீட்டிப் போட்டுவிட்டு உட்கார்ந்தவர்கள், இப்போது திரைக்குப் பின்னால் போனால் திரும்பி வருவதற்கு நேரமாயிற்று. வெளியே வரும்போது யாரும் யாரையும் பார்க்கவில்லை. கடைசியில் நான் உள்ளே போனேன். விளக்கில் இரண்டோ மூன்றோ கொட்டைகள் கிடந்தன. சொம்புக்கும் அவ்வளவுதான். செங்கலுக்கு ஒன்று. மிச்சம் அத்தனையும், முன்னால் ஒன்றுமே வைக்காத அந்த நாலாவது கொட்டாங்கச்சியில் இருந்தன. குவிந்து, ஒன்றிரண்டு தரையிலும் உருண்டிருந்தன.

அதைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்து நடுவில் வைத்தேன். "இது என்ன?" என்றேன்.

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பெரியம்மா அவர்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேறே ஏதோ வேணும்னு இத்தனை பேர் போட்டிருக்கேள். அந்த வேறே என்னன்னு சொல்லத்தானே வேணும்? நான் என்ன ஜோசியமா பார்க்கறேன்?" வகுப்பில் குரல் உயர்த்துவதுபோல் உயர்த்திவிட்டேன்.

கொத்தனார் மனைவிதான் கடைசியில் வாயைத் திறந்தாள். "அதான் டீச்சரம்மா, அன்னிக்கே சொன்னேனே. ஒதுங்க ஒரு இடம்னு."

"அந்தக் கொட்டகையா? மழைக்கு ஒதுங்கறதுக்கா இத்தனை பேரும்?"

யாரோ ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு களுக்கென்றாள். அவ்வளவுதான், கூடமே கொல்லென்று சிரித்தது. அடக்கி அடக்கி வைத்திருந்த சிரிப்பு. ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்துகொண்டு சிரித்தார்கள். எங்கள் வீட்டில் அதற்குக் கொல்லைக்குப் போவது என்று பேர். இவர்களுக்குக் கொல்லையே கிடையாது. குட்டிச்சுவருக்குப் பின்னால் ஒதுங்குவதுதான். வருஷக்கணக்காகத் தமிழ் சொல்லிக் கொடுத்தவளுக்கு அந்த ஒரு வார்த்தை புரிய ஒரு கொட்டாங்கச்சி நிறையப் புளியங்கொட்டை தேவைப்பட்டது. நானும் சிரித்தேன், வேறே என்ன செய்வது?

பெரியம்மாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். சட்டென்று நிறுத்தினார். அவர் வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் இருந்தது. மற்றவர்களுக்கு இல்லை என்று அவருக்குத் தெரியாமல் இல்லை; அது எப்படி நடக்கிறது என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை.

"எப்பப் போவீங்க?" என்று கேட்டார்.

"விடியறதுக்கு முன்ன. இல்லாட்டி இருட்டினப்புறம்" என்றாள் கொத்தனார் மனைவி.

"நடுவுல வந்தா?"

தொப்பி தைக்கும் பெண் நிமிர்ந்தாள். "நடுவுல வராமப் பாத்துக்குவோம், பெரியம்மா. பகல்ல தண்ணி குடிக்கிறதில்லை. எனக்கு வருஷம் பூரா நோன்புதான். அங்க விளக்கு வந்துட்டா ராத்திரியும் கிடையாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. குடிக்கவே பயப்படுகிறவளுக்கு நான் குழாய் கொண்டுவந்து கொடுக்க இருந்தேன். குழாய் வந்திருந்தால் ஊரெல்லாம் என்னைப் புகழ்ந்திருக்கும்; இவள் அதைப் பார்த்துக்கொண்டே நாக்கு வறண்டு கிடந்திருப்பாள்.

அதற்குப் பிறகு கூட்டம் என்னைக் கேட்காமலே நடந்தது. காலி மனை தங்களுடையதுதானே, அதில் கட்டிக்கொள்ளட்டும் என்றும், மண்டிக்காரரிடம் தானே சொல்லிக்கொள்வதாகப் பெரியம்மா சொன்னார். கதவு சந்தைப் பார்த்து இருக்கக்கூடாது என்றாள் ஒருத்தி. தாழ்ப்பாள் உள்பக்கம் கட்டாயம் என்றாள் இன்னொருத்தி. கொத்தனார் மனைவி, "அள்ளிச் சுத்தம் பண்ண வர்றவங்களும் பொம்பளைதானே? அவங்களுக்குப் பின்பக்கமா ஒரு வழி, கைகால் கழுவ ஒரு தொட்டி வேணும்" என்றாள். அந்த அள்ள வருகிறவர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

வார்டு மெம்பரிடம் சொல்வதுதான் பாக்கி. அவர் வீட்டு முன்கூடத்தில் நாலைந்து பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மணி நேரம் பிரசங்கம் செய் என்றால் செய்வேன்; அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் தடுமாறினேன். "சந்துக்காரர்கள் முதலில் கேட்பது பெண்களுக்குக் கக்கூஸ்" என்று கடைசியில் சொல்லிவிட்டேன். ஒருவர் உத்தரத்தைப் பார்த்தார். ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். வார்டு மெம்பர், "நான் கொடுத்த மூணுல இது இல்லீங்களே" என்றார்.

"இல்லை. அதனாலதான் அவங்களால சொல்ல முடியலை" என்றேன்.

அவர் நல்ல மனுஷர் என்று முன்னாலேயே சொன்னேன். போராடித்தான் வாங்கினார். பங்குனிக்குள் குட்டிச்சுவர் போய், ஓடு வேய்ந்து, கதவும் தாழ்ப்பாளும் போட்டு, சுற்றிலும் சுவர் எழும்பிவிட்டது. விளக்கை வேறு சந்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

கட்டி முடித்து ஒரு வாரம் ஆயிற்று. ஒரு நாள் மத்தியானம் எட்டிப் பார்க்கப் போனேன். புதுக் கக்கூஸின் கதவுகள் சாத்தியபடியே இருந்தன. தொப்பி தைக்கும் பெண் போர்வையைப் போர்த்திக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவும் ஜுரம் வந்திருந்தது.

"இப்பவுமா குடிக்கலை?"

"விடியலுக்கு முன்ன போறோங்க. பகல்ல எப்படி? சொம்பைத் தூக்கிக்கிட்டு இந்தச் சந்து பூரா நடக்கணுமே. எல்லாரும் பாப்பாங்களே" என்றாள். பெட்டிக்கடை வாசலில் எந்நேரமும் நாலு ஆண்கள் நிற்பார்கள். எங்கே போகிறாள் என்று சொம்பே சொல்லிவிடும்.

எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே சோர்வு வந்தது. சுவர் கட்ட முனிசிபாலிடி உண்டு. வெட்கத்துக்கு யார் சுவர் கட்டுவது? நேரே பெரியம்மாவிடம் போய்க் கொட்டித் தீர்த்தேன். வெற்றிலை மென்றபடி முழுசையும் கேட்டார். எழுந்து உள்ளே போனார். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, கையில் பளபளவென்று ஒரு பித்தளைச் சொம்போடு வந்தார்.

உச்சி வெயிலில், பகலில் வெளியே நான் ஒருபோதும் பார்த்திராத பெரியம்மா தன் வீட்டுப் படியை விட்டு இறங்கினார். நான் பின்னாலேயே ஓடித் தொப்பி தைக்கும் பெண்ணின் வாசலில் நின்றுகொண்டேன். துப்பட்டிக்குள்ளிருந்து அந்தக் கணீர்க்குரல் வந்தது: "நான் ஒதுங்கப் போறேன். வர்றவங்க வாங்க!"

பெட்டிக்கடை வாசலில் நின்றவர்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பெரியம்மா அவசரமே படாமல் சந்தின் முழு நீளமும் நடந்து போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதே நடையில் திரும்பி வந்தார். எங்கள் வாசலைத் தாண்டும்போது, "தாழ்ப்பாள் நல்லாயிருக்கு" என்று மட்டும் சொன்னார். அவருக்கு அங்கே போக வேண்டிய அவசியம் ஏதும் இல்லை என்று சந்தில் எல்லாருக்கும் தெரியும்.

தொப்பி தைக்கும் பெண் போர்வையை விலக்கினாள். பாதி தைத்த தொப்பியை ஊசியோடு என் கையில் கொடுத்துவிட்டு, மூலையிலிருந்து தன் சொம்பை எடுத்தாள். துப்பட்டியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு படியில் கால் வைத்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"போயிட்டு வரேங்க" என்றாள், சந்து முழுக்கக் கேட்கும்படி.